பெயரட்டை எழுதிய சங்கங்கள்

தோட்டக்கலைச் சங்கம் என்றால் நம்மவர்களுக்கு மலர்க் கண்காட்சிதான் நினைவுக்கு வரும். 1804இல் லண்டன் பிக்காடில்லியில், ஒரு புத்தகக் கடையில் ஏழு பேர் கூடித் தொடங்கிய சங்கமும் (பின்னாளில் ராயல் தோட்டக்கலைச் சங்கம்) 1913 முதல் செல்சியில் நடத்தும் காட்சியால்தான் உலகப் புகழ் பெற்றது. காட்சி கண்ணுக்கு விருந்து, மறுக்கவில்லை. ஆனால் அச்சங்கத்தின் பெருந்தொண்டு காகிதத்தில் நடந்தது.

1866இல் அச்சேறி முப்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் சீந்தாமல் கிடந்த மெண்டலின் பட்டாணி ஆய்வை 1901இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது இச்சங்கத்தின் இதழ்தான். கலப்பினம் உருவாக்குவோர் நிறைந்த அவை அது. பண்புகள் தலைமுறை தலைமுறையாக எப்படி வரும் என்று சொல்லும் அந்தக் கணக்கின் அருமை அவர்களுக்குத்தான் உடனே புரியும். இன்றும் புதிய ஆர்க்கிட் கலப்பினத்துக்குப் பெயர் வேண்டுமானால் தாய், தந்தைச் செடிகளைச் சொல்லி அங்கேதான் பதிய வேண்டும். 1922 முதல் அது தரும் தோட்டத் தகுதி விருதோ ஒருநாள் அழகுக்கானது அல்ல. செடி நலமாக வளர வேண்டும், நோய்க்கு எளிதில் ஆளாகக் கூடாது, கடையில் கிடைக்கவும் வேண்டும். தவறினால் விருது பறிபோகும். காட்சியில் தரும் கோப்பையை விட இந்த விருதையே நான் நம்புவேன்.

அமெரிக்க வழி வேறு. 1903இல் லிபர்ட்டி ஹைட் பெய்லியைத் தலைவராகக் கொண்டு எழுந்த சங்கம் ஆராய்ச்சியாளர்களுக்கானது; சோதனை முடிவுதான் அங்கே கோப்பை. உலக அளவில் 1959இல் அமைந்த பன்னாட்டுச் சங்கமும் அந்த வழியையே ஒட்டியது.

நம் நாட்டில் தோட்டம் வேளாண்மையோடு சேர்ந்தே வந்தது. 1820இல் கல்கத்தாவில் வில்லியம் கேரி, 1835இல் சென்னையில் ராபர்ட் வைட் என்று தொடங்கிய இரண்டு சங்கங்களும் பெயரிலேயே இரண்டையும் இணைத்துக்கொண்டன. புதுப்பயிரைக் கொண்டுவந்து இந்த மண்ணில் பிடிக்கிறதா என்று பார்ப்பது அவற்றின் முதல் வேலை. ஆராய்ச்சியாளர்களுக்கென்று இந்தியத் தோட்டக்கலைச் சங்கம் 1942இல்தான் வந்தது.

ஆர்க்கிட்டுக்கு லண்டன் சங்கம் போல, மா ரகப் பெயர்களுக்கான உலகப் பதிவாளர் பொறுப்பு டெல்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்திடம் இருக்கிறது. பெருமைதான். ஆனால் ஒரே பங்கனப்பள்ளி ஆந்திரத்தில் பேனிஷான், வடக்கே சஃபேதா. கன்று வாங்குபவர் மூன்றும் ஒன்று என்று அறிய, நர்சரி வாசலில் இன்னும் வழியில்லை.