விறகடுப்புக்குப் பின்னால் ஒரு விரற்கடை வெற்றிடம்

ஒன்ராறியோவின் ஏரிக்கரை வீடுகளில் விறகடுப்பின் பின்சுவர்தான் பெரும்பாலும் வீட்டிலேயே அழகான சுவர். கருங்கல் பதித்திருப்பார்கள், இல்லையென்றால் சாம்பல் நிறப் பீங்கான் ஓடு ஒட்டியிருப்பார்கள். கல் எரியாது, ஆகவே சுவருக்குக் காப்பு என்று ஒரு நம்பிக்கை. கல் எரியாதுதான். ஆனால் வாங்கிய சூட்டைப் பின்னால் இருப்பதிடம் அப்படியே தள்ளிவிடும். பின்னால் இருப்பது ஜிப்சம் அட்டை, அதற்கும் பின்னால் மரச்சட்டம்.

இந்தக் குளிர்காலம் மூன்று வகைக் காப்புகளை ஒரே அடுப்பின் பின்னால் பார்த்தேன். முதலாவது, வீட்டின் முந்தைய சொந்தக்காரர் சுவரோடு ஒட்டிவிட்டுப் போன ஓடு. இரண்டாவது, கடையில் பெட்டியோடு கிடைக்கும் ஆயத்தத் தகட்டுத் தொகுதி. மூன்றாவது, தகரப் பட்டறையில் அளவு கொடுத்து வெட்டி மடித்து வாங்கிய உருக்குத் தகடு.

அடுப்பு பழையது, தரச்சான்று இல்லாதது. உங்கள் அடுப்பின் முதுகில் சான்றுத் தகடு இருந்தால், அதில் எழுதிய இடைவெளியே கடைசி வார்த்தை. இல்லாவிட்டால் கனடாவின் சிஎஸ்ஏ பி365 விதியைத்தான் பார்க்கவேண்டும். தனக்கென உறைத்தகடு இல்லாத அடுப்புக்கும் எரியக்கூடிய சுவருக்கும் இடையில் அது கேட்பது 1200 மில்லிமீற்றர், ஏறக்குறைய நான்கு அடி. சின்ன அறையில் நான்கு அடி விட்டால் அடுப்பு நடுக்கூடத்தில் வந்து நிற்கும். ஆட்கள் சுவரோரம் ஒதுங்கவேண்டியதுதான். அதனால்தான் காப்பு.

ஒட்டிய ஓட்டை நம்பி இந்த 1200இல் ஒரு மில்லிமீற்றர்கூடக் குறைக்க முடியாது. அதே ஓட்டை எரியாத பலகையில் பதித்து, எரியாத தாங்கிகளால் சுவரிலிருந்து 21 மில்லிமீற்றர் தள்ளி நிறுத்தினால் பாதியாகக் குறைக்கலாம். வெறும் 29 கேஜ் உருக்குத் தகட்டை அதே அளவு தள்ளி நிறுத்தினால் 67 சதவீதம் குறையும், அதாவது 400 மில்லிமீற்றர் போதும். விலை கூடிய கல்லைவிட மெல்லிய தகடு அதிகம் காப்பது, அதற்கும் சுவருக்கும் நடுவே ஓடும் காற்றால். அடுப்பின் சூடு கதிர்வீச்சாக வந்து தகட்டில் விழுகிறது. தகடு சூடாகிறது, பின்னாலுள்ள காற்றும் சூடாகி மேலே போகிறது, கீழிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு ஏறுகிறது. விறகு எரியும் வரை இது தானாகவே நடக்கும்.

ஓட்டுச் சுவரை அடுப்பு நன்றாகப் பிடித்த பின் தொட்டேன்; கையை உடனே எடுக்கவேண்டியிருந்தது. சுவரின் மறுபக்கம் படுக்கையறை. அங்கேயும் வெதுவெதுப்புத் தெரிந்தது. இதை அலட்சியம் செய்யக்கூடாது. புது மரம் பற்ற ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் வேண்டும். ஆனால் 100 பாகையை ஒட்டிய சூட்டில் ஆண்டுக்கணக்காகக் காய்ந்த மரம் மெல்லக் கருகி, பிறகு குறைந்த சூட்டிலேயே பற்றக்கூடியதாகிவிடும். பத்து வருடமாக ஒன்றும் ஆகவில்லையே என்பது நல்ல சாட்சியம் அல்ல.

ஆயத்தத் தொகுதியைப் பூட்டுவது சுலபம். பீங்கான் தாங்கி, திருகாணி, வார்ப்புருத் தாள் எல்லாம் பெட்டியிலேயே உண்டு. மறுபக்கச் சுவர் குளிர்ந்தே இருந்தது. குறை, தகட்டின் மெலிவு. சூடேறும்போதும் ஆறும்போதும் நடுவில் பொம்மி உள்வாங்கி, டொங்கென்று ஒரு சத்தம் போடும். இரவில் அது யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருக்கும். அகலமும் போதவில்லை. காப்பு அடுப்பின் இருபக்கமும் 450 மில்லிமீற்றரும், மேலே 500 மில்லிமீற்றரும் தாண்டி நிற்கவேண்டும். பெட்டியின் அளவு அடுப்பைப் பார்த்து வருவதில்லை.

பட்டறைத் தகடு 24 கேஜ். (கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும்; கடையில் மாறிச் சொல்லிவிடாதீர்கள்.) ஓரங்களை மடித்துத் தரச் சொன்னால் கையும் கிழியாது, தகடும் விறைப்பாக நிற்கும். சத்தம் அநேகமாக இல்லை. அடுப்புக் கறுப்பு வர்ணம் பூசினால் முதல் சில நெருப்புகளுக்கு நாற்றம் அடிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். தாங்கித் திருகாணிகளை அடுப்பின் நேர் நடுவுக்குப் பின்னால் வராமல் ஒதுக்குங்கள், ஆணி வழியாகவும் சூடு சுவருக்குப் போகும். கீழே 25 முதல் 75 மில்லிமீற்றர், மேலே கூரைத்தட்டுவரை குறைந்தது 75 மில்லிமீற்றர் திறந்திருக்கவேண்டும். பார்க்க லட்சணமாக இல்லையே என்று கீழ் இடைவெளியைப் பலகையால் அடைப்பவர்கள் உண்டு. அடைத்தால் காற்று நின்றது, காப்பும் போனது.

அகச்சிவப்பு வெப்பமானியால் அளப்பவர்களுக்கு ஒரு சொல். மினுங்கும் தகட்டில் அது உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். ஓரிடத்தில் மங்கலான கறுப்பு வர்ணம் பூசி அங்கே அளவிடுங்கள். உண்மையில் அளக்கவேண்டியது தகட்டுக்குப் பின்னாலுள்ள சுவரை. அதற்குக் கம்பி உணரி உள்ள வெப்பமானியே சரி.

புகைக்குழாயை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒற்றைச் சுவர்க் குழாய்க்குத் தனியாக 450 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். அடுப்பைச் சுவருக்குக் கிட்டக் கொண்டுபோகும்போது குழாயும் கூடவே போகிறது. தகட்டை அதன் உயரத்துக்கும் நீட்டுங்கள், அல்லது இரட்டைச் சுவர்க் குழாய்க்கு மாறுங்கள்.

என் தேர்வு பட்டறைத் தகடு. அடுப்பு சிறியது, திருகாணி முடுக்க மட்டுமே நேரம் உண்டு என்பவர்கள், அளவு பார்த்து ஆயத்தத் தொகுதியை எடுக்கலாம். ஒட்டிய ஓட்டை உடைக்கத் தேவையில்லை, அதன் முன்னாலேயே தகட்டைத் தள்ளி நிறுத்தலாம். எதைப் பூட்டினாலும், வெற் (WETT) எனும் விறகடுப்புத் தொழிற்பயிற்சி அமைப்பின் சான்று பெற்ற பரிசோதகரை ஒருமுறை அழைத்துக் காட்டி, அறிக்கையைக் காப்புறுதி நிறுவனத்துக்குக் கொடுத்த பிறகு விறகை அடுக்குங்கள்.