பலகைக்குப் பின்னால் பெய்த மழை

ஜூலையில் ஒரு காலை, கட்டிலை ஒட்டிய சுவரில் கையை ஊன்றி எழுந்தேன். கட்டைவிரல் சுவருக்குள் போய்விட்டது. முன்பக்கம் மைக்கா ஒட்டிய பிளைவுட் புத்தம் புதிதாகத்தான் இருந்தது. பின்பக்கம் டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி ஊறிப்போயிருந்தது. பலகையைக் கழற்றினால் உள்ளே அடைத்திருந்த கிளாஸ் வூல் தண்ணீர் சொட்டச் சொட்டக் கையோடு வந்தது. கூரையில் ஒழுக்கு இல்லை, ஜன்னல் ரப்பரில் விரிசல் இல்லை, வெளித்தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 14 அடி நீளம், ஆறரை அடி அகலம், ஒற்றை அச்சு, இருவர் படுக்கும் கட்டில், ஒரு மேடையளவு சமையலறை, ஒரு ஆள் நிற்கும் குளியலறை, கூரையில் சோலார் பலகை. கேம்பர் டிரெய்லர்கள் எல்லாவற்றிலும் இருப்பதுதான். மெயின்லேண்டில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது. சென்னைத் துறைமுகத்தில் சரக்குக் கப்பலேறி, சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் தாண்டி அந்தமானின் ஹேடோ துறைமுகத்தில் இறங்கியது. இழுப்பதற்கு என் பழைய பொலேரோ கேம்பர் பிக்கப் இருக்கிறது. இந்தத் தீவுச் சாலைகளில் அதைவிட நம்பகமான வண்டியை நான் ஓட்டியதில்லை.

முப்பத்திரண்டு வருடம் அந்தமான் பொதுப்பணித் துறையில் இருந்தேன். ரங்கத், டிக்லிபூர், கார் நிகோபார், கடைசியாக போர்ட் பிளேர். 2024 செப்டம்பரிலிருந்து அதன் பெயர் ஸ்ரீ விஜய புரம்; பஜாரில் இன்னும் பழைய பெயர்தான் நாக்கில் வருகிறது. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இங்கே பெரும்பகுதி நிலம் காடு. மிச்சமிருப்பதில் டவுனுக்குள் ஒரு மனை வாங்குவது ஓய்வூதியக்காரனால் ஆகிற காரியமில்லை. ஊருக்கே திரும்பிவிடலாம் என்றால் என் மனைவிக்கு இந்தக் கடலை விட்டுப் போக மனமில்லை, எனக்கும் இல்லை.

பழைய வேன் ஒன்றை வாங்கி வீடாக மாற்றுவதுதான் முதலில் போட்ட திட்டம். ஆனால் வண்டிக்குத் தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆர்.சி.யில் பதிவு வாங்கி அலைய வேண்டாம் என்று தனிப் பதிவெண் கொண்ட டிரெய்லருக்கு வந்தோம். அபர்டீன் பஜாருக்குப் பின்னால் இரும்புக்கடை வைத்திருக்கும் நண்பர், ராமநாதபுரத்துக்காரர், குடோனை ஒட்டிய காலி இடத்தைக் காட்டி, "சார், எத்தனை வருஷம் வேணும்னாலும் நிறுத்திக்கங்க" என்றார். மின் இணைப்புக்குச் சப் மீட்டரும் அவரே வைத்துக் கொடுத்தார். ஏப்ரலிலிருந்து அங்கேதான் குடித்தனம். இது பதினோராவது மாதம்.

டிரெய்லர் என்றதும் ஊர் சுற்றுவதை நினைக்கிறார்கள். நாங்கள் இதுவரை வண்டூர், சிடியாடாப்பு இரண்டுக்கும்தான் இழுத்துப் போயிருக்கிறோம். மற்ற நாளெல்லாம் இதே இடம். மணிக்கூண்டு நடக்கிற தூரம், ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரி நடக்கிற தூரம், பாங்க், மருந்துக்கடை, காய்கறி எல்லாமே நடக்கிற தூரம். முட்டி வலிக்கும் வயதில் அதன் அருமை தெரிகிறது. இந்தத் தீவில் ஒரு டிரெய்லர் எனக்குக் கொடுத்தது பயணத்தை அல்ல, டவுனுக்கு நடுவில் நிலம் வாங்காமல் ஒரு வீட்டை. வருகிறவர்கள் சிலர் செல்லுலார் ஜெயில் அறையோடு இதை ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். அளவு ஏறக்குறைய ஒத்துவரும் என்பது உண்மை. ஆனாலும் அந்த அறைகளில் மனிதர்கள் பட்டதை நினைத்தால், அந்தப் பேச்சைக் கேட்க எனக்குப் பிடிப்பதில்லை.

இனி தண்ணீர்க் கதை.

வருடத்துக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. சென்னையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். மே மாதம் பிடித்தால் தென்மேற்கும் வடகிழக்குமாகச் சேர்ந்து டிசம்பர் வரை விடாது. மழை நின்ற நேரத்திலும் காற்றில் ஈரம் குறையாது. இதை ஓதம் என்று சொல்லிப் பழகியவன் நான். தமிழில் கடல் அலைக்கும் சுவரில் ஏறும் ஈரத்துக்கும் அதே சொல் இருப்பதன் பொருள் இங்கே வந்து வாழ்ந்தால்தான் புரியும்.

டிரெய்லரின் உள்கொள்ளளவு சுமார் 16 கன மீட்டர். 28 டிகிரியில் அவ்வளவு காற்றும் முழுக்க ஈரத்தால் நிறைந்தாலும் அது தாங்குகிற தண்ணீர் கிட்டத்தட்ட 430 கிராம், ஒரு பெரிய சொம்பு அளவுகூட இல்லை. ஜூலையில் வெளியிலிருந்து வரும் காற்றே அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் நிரப்பிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. மிச்சம் எண்பது, தொண்ணூறு கிராமுக்குத்தான் இடம். இரண்டு பேர் இரவு முழுக்க மூச்சு விட்டுத் தூங்கினாலே அரை லிட்டருக்குக் குறையாமல் ஆவி சேர்கிறது. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வரும். ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் ஒன்று தீரும்போது எட்டு லிட்டர் தண்ணீரை வீட்டுக்குள் தெளித்திருக்கிறோம் என்று அர்த்தம். சோறு வடிக்கும் ஆவி, குளியலறை ஆவி, உள்ளே காயும் துணி எல்லாம் தனிக் கணக்கு. பெரிய வீட்டில் இது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பதினான்கு அடியில் தெரியாமல் இருக்காது.

முதல் மாதமே அடையாளங்கள் தெரிந்தன. மெத்தையின் அடிப்புறம் கறுப்புப் புள்ளி விழுந்தது. என் பென்ஷன் ஆர்டர் இருந்த ஃபைல் பூசணம் பூத்து மணத்தது. கீல்கள் துருப்பிடித்தன. ஒரு காலை என் மனைவி கையில் காஞ்சிபுரம் பட்டோடு வந்து நின்றாள். "ஏங்க, இது என் அம்மா குடுத்தது" என்றாள், வேறு எதுவும் சொல்லவில்லை. அன்று மாலையே பட்டுப்புடவைகள் அத்தனையும் நண்பர் வீட்டு பீரோவுக்குப் போயின. இவையெல்லாம் சேர்ந்தும் என் புத்தி கூரையில் ஒழுக்கைத்தான் தேடிக்கொண்டிருந்தது. விரல் உள்ளே போன பிறகுதான் சுவரைத் திறந்தேன்.

திறந்த பிறகும் மூன்று வாரம் கழித்துத்தான் புரிந்தது. வெளியே அலுமினியத் தகடு, நடுவில் கிளாஸ் வூல், அதன் மேல் வெள்ளித் தாள், அப்புறம் பிளைவுட். அந்தத் தாள் ஆவியைத் தடுப்பதற்கு. அது உட்பக்கம் இருந்தது.

டிரெய்லர் வீடு குளிர்நாட்டில் பிறந்தது. 1885-ல் இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர் 'வாண்டரர்' என்று பெயர் வைத்துக் குதிரை இழுக்கும் வீட்டைச் செய்வித்தார். 1930-களில் அமெரிக்காவில் ஏர்ஸ்ட்ரீம் வந்தது. பனி விழும் ஊரில் வீட்டுக்குள் சூடு, வெளியே குளிர். உள்ளிருக்கும் ஆவி சுவர் வழியாக வெளியே போகப் பார்க்கும், நடுவில் குளிர்ந்து தண்ணீராகும். அதைத் தடுக்கத் தாளை உட்பக்கம் வைப்பது அங்கே சரி. இங்கே நிலைமை தலைகீழ். ஏ.சி. போட்டால் உள்ளே குளிர், வெளியே வெக்கையும் ஈரமும். 28 டிகிரி, 85 சதவீத ஈரம் உள்ள காற்று 25 டிகிரிக்குக் கிட்டத்தில் குளிர்ந்தாலே பனித்துத் தண்ணீர் விடும். நாங்கள் ஏ.சி.யை 24-ல் வைத்துத் தூங்கினோம். ஈரக்காற்று தகட்டு மூட்டுகளின் வழியே சுவருக்குள் நுழைந்து, குளிர்ந்த வெள்ளித் தாளின் முதுகில் இரவு முழுக்க மழையாகப் பெய்தது. வடிய வழியில்லாமல் அந்தத் தண்ணீர் பிளைவுட்டின் ஓரங்களில் ஏறியது. எங்களுக்கும் அந்த மழைக்கும் நடுவில் இருந்தது ஒன்பது மில்லிமீட்டர் பலகை.

பட்டறைக்கு போன் செய்தேன். மரியாதையாகப் பேசினார்கள். "ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைங்க சார்" என்றார்கள். விளம்பரத் தாளில் எல்லாப் பருவநிலைக்கும் ஏற்றது என்று போட்டிருந்ததை நினைவுபடுத்தினேன். ஊட்டியிலும் ராஜஸ்தானிலும் ஓட்டிப் பார்த்ததாகச் சொன்னார்கள். கடலோரத்து மழைக்காலத்தில் ஒரு மாதம் யாராவது உள்ளே குடியிருந்து பார்த்தார்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மதிப்பும் இருக்கிறது. அடிச்சட்டத்தை முழுசாக கால்வனைஸ் செய்திருக்கிறார்கள். பத்து மாத உப்புக்காற்றில் ஒரு துருப்புள்ளி கிடையாது. அச்சும் பிரேக்கும் சிடியாடாப்பு இறக்கத்தில் சொன்னபடி கேட்டன. இவ்வளவு நன்றாக வெல்டிங் செய்யத் தெரிந்தவர்கள் ஒரு தாளை எந்தப் பக்கம் வைப்பது என்று யோசிக்காமல் விட்டதுதான் ஆறவில்லை.

எனக்கே நான் பதில் சொல்ல வேண்டியதும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நிகோபார் தீவுகளில் வீடிழந்த மக்கள் பல வருடம் தகரக் கொட்டகைகளில் இருக்க நேர்ந்தது. உள்ளே உட்கார முடியாத அந்தப் புழுக்கத்தை வேலை நிமித்தம் நேரில் பார்த்தவன் நான். அதே மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய வட்ட வீடுகளையும் பார்த்திருக்கிறேன். கால்கள் மேல் உயர்ந்து நிற்கும், தரைப்பலகைச் சந்து வழியே கீழிருந்து காற்று ஏறும், ஓலைக்கூரை ஆவியை வெளியே விடும். இந்தக் காற்றில் எப்படி வாழ்வது என்று அந்த வீட்டுக்குத் தெரியும். அதைப் பார்த்தவன் வண்டி வாங்கும்போது சுவருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. நாமக்கல் பக்கத்து இளம் கட்டடக் கலைஞர் அருண் பிரபு, 2019-ல் ஒரு ஆட்டோவின் மேல் ஆறுக்கு ஆறு அடியில் 'சோலோ 01' என்ற வீட்டைச் செய்தார். செலவு சுமார் ஒரு லட்சம் ரூபாய். பெரும்பாலும் பழைய பொருட்கள். 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 600 வாட் சோலார், மேலே நிழலோடு உட்காரும் தளம், போல்ட்டைக் கழற்றினால் தனியே வரும் கூடு. நம் வெயிலைப் பார்த்து வளர்ந்த ஒருவர் யோசித்தது என்பது அதன் படத்தைப் பார்த்தாலே தெரியும். டிரெய்லர் செய்கிறவர்கள் வெளிநாட்டுப் படங்களைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்த்திருக்கலாம்.

சரி செய்தது ஆகஸ்டில், மழைக்கு நடுவில். பஜாரில் ஒரு ஆசாரி இருக்கிறார், எழுபது தாண்டியவர். உள்ளே வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது பொட்டி. காத்து கீழ வந்து மேல போகணும்ல" என்றார். தாளையும் கிளாஸ் வூலையும் எடுத்து எறிந்தோம். தண்ணீர் குடிக்காத ஃபோம் பலகையை வெளித்தகட்டோடு சந்தில்லாமல் ஒட்டி, தகட்டு மூட்டுகளை வெளியிலிருந்து அடைத்தோம். உட்பக்கம் மைக்காப் பலகை வேண்டாம் என்று ஆசாரி பிடிவாதமாக இருந்தார். இடித்த பழைய வீடு ஒன்றின் படாக் மர ரீப்பர்களை விரல் அகலச் சந்து விட்டு அறைந்தார். சுவருக்கும் ரீப்பருக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் காற்றுவழி. தரையில் வலை போட்ட இரண்டு துளை, கூரையில் ஓயாமல் சுற்றும் சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன். கட்டிலின் பிளைவுட்டுக்குப் பதிலும் ரீப்பர்தான். அடுப்பு வெளியே போய்விட்டது, பக்கவாட்டில் இறக்கிய தார்ப்பாய் நிழலுக்குக் கீழே. படாக்கின் சிவப்பு நிறம் விளக்கு வெளிச்சத்தில் அவ்வளவு அழகு. இந்த வண்டியில் இப்போது நான் மிகவும் விரும்புவது பட்டறை செய்யாத அந்தச் சுவரைத்தான்.

ஏ.சி.யை இப்போது 27-க்குக் கீழே இறக்குவதில்லை. ஃபேனோடு சேர்ந்தால் தூக்கம் வருகிறது. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றைத் தலைமாட்டில் மாட்டியிருக்கிறேன். அக்டோபரின் பெரிய மழையிலும், ஏ.சி. ஓடும் இரவுகளில் உள்ளே எழுபதைத் தாண்டவில்லை.

சோலாரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவின் கிழக்கே வெகுதூரத்தில் இந்திய நேரத்தை வைத்துக்கொண்டு வாழ்கிறோம். சூரியன் உச்சிக்கு வருவது பெரும்பாலும் பதினொன்றரைக்கு முன்னாலேயே. குளிர்காலத்தில் ஐந்து மணி வாக்கில் அடைந்துவிடும். மதியம் மூன்று மணிக்குப் பம்பையும் மிக்ஸியையும் போட்டுப் பாட்டரியைத் தீர்க்கிற மெயின்லேண்டுப் பழக்கம் இங்கே உதவாது. அரைப்பது, துவைப்பது, தண்ணீர் ஏற்றுவது எல்லாவற்றையும் காலை பத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். தண்ணீருக்கு நண்பரின் தொட்டிதான் துணை. கோடையில் தனிக்காரி அணை வற்றினால் இந்த ஊரில் எந்த வீட்டுக்கும் தினமும் குழாயில் தண்ணீர் வராது. நூறு லிட்டர் தொட்டியை இரண்டு நாளைக்கு நீட்டிக்க நாங்கள் பழகிவிட்டோம்.

காலை ஐந்தரை மணிக்குக் கட்டில் ஜன்னலில் வெளிச்சம் விழுகிறது. பஜாரில் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்கிறது, பிறகு யாரோ இந்தியில் பேரம் பேசுவது, பதிலுக்கு ஒருவர் தமிழில் கோபப்படுவது. என் மனைவி வெளி அடுப்பில் டீ வைத்து முடிக்கும்போது கடலின் பக்கமிருந்து காற்று வருகிறது. இந்த வண்டியை வாங்கியதற்கு நான் வருந்தவில்லை. வாங்க நினைக்கிறவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: கடலோரத்தில் குடியிருக்கப் போகிறீர்கள் என்றால், பட்டறையில் சுவர் மூடும் நாளன்று நேரில் போய் நில்லுங்கள். உள்ளே என்ன வைக்கிறார்கள், எந்தப் பக்கம் வைக்கிறார்கள் என்று பாருங்கள். மெத்தையின் நிறத்தைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம்.

பட்டறைக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன், சுவரின் குறுக்குவெட்டுப் படத்தோடு. அடுத்த வண்டியிலாவது மாற்றினால் போதும். இன்னும் பதில் வரவில்லை. கட்டில் தலைமாட்டில் நான்கு ரீப்பரை மட்டும் ஆணி அறையாமல், திருகு போட்டு வைக்கச் சொல்லியிருந்தேன். மே மாதம் மழை பிடித்த மூன்றாவது வாரம் அவற்றைக் கழற்றி உள்ளே கை விட்டுப் பார்க்கப் போகிறேன்.