ரேஷன் பாமாயில் கல்லீரலைக் கெடுக்குமா?

தருமபுரி மாவட்டத்தில் நிலக்கடலை விளைகிறது, செக்குகளும் ஓடுகின்றன. ஆயினும் பல வீடுகளில் தாளிக்க உதவுவது நியாயவிலைக் கடையில் கிடைக்கும் பாமாயில்தான். “பாமாயில் கல்லீரல் செல்களைக் கொல்லும்; இது ஆய்வில் நிரூபணமான உண்மை” என்று சிலர் சொல்லி வருகிறார்கள். வேறு எண்ணெய் வாங்க வசதியில்லாதவர் இதைக் கேட்டு என்ன செய்வார்? வாசகர்களே, இக்கூற்றைச் சற்று உரசிப் பார்ப்போம்.

இதற்கு ஓர் அடிப்படை உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பாமாயிலில் பால்மிட்டிக் அமிலம் என்னும் பூரிதக் கொழுப்பு அமிலம் மிகுதி. கண்ணாடித் தட்டில் வளர்த்த கல்லீரல் செல்களுக்கு இதை மட்டும் மிகுதியாகக் கொடுத்தால் பல செல்கள் மடிகின்றன. ஒலியிக் அமிலத்தைக் கொடுத்தாலோ, செல்கள் அதைச் சிறு கொழுப்புத் துளிகளாகக் கட்டி ஒதுக்கிவைத்துப் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன.

ஆனால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒலியிக் அமிலத்தின் துணையால் பால்மிட்டிக் அமிலமும் துளிகளுக்குள் அடங்குகிறது, சேதம் குறைகிறது. பாமாயிலில் இவ்விரண்டும் ஏறத்தாழச் சம அளவில் இருக்கின்றன! ஆகவே தனி அமிலத்தின் குற்றத்தை எண்ணெயின் தலையில் அப்படியே சுமத்துவது முறையாகாது.

அப்படியானால் பாமாயில் குற்றமற்றதா? அதுவும் இல்லை. சுவீடனின் உப்சாலாவில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், இளம் வயதினர் 39 பேர் 7 வாரம் மிகையாக உண்டனர். ஒரு பிரிவினரின் கேக்கில் பாமாயில். மற்றவர்களுடையதில் சூரியகாந்தி எண்ணெய். எடை இரு பிரிவிலும் ஒரே அளவு கூடியது. கல்லீரல் கொழுப்போ பாமாயில் பிரிவில் தெளிவாக அதிகம் ஏறியது. இதை மறைப்பதும் நேர்மையன்று.

இனி அளவுக்கு வருவோம். மின்னழுத்தத்தை மட்டும் சொல்லி மின்தடையைச் சொல்லாவிட்டால் மின்னோட்டத்தைக் கணக்கிட முடியுமா? பின்லாந்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், 3 வாரம் நாள்தோறும் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். பூரிதக் கொழுப்பு உண்டவர்களின் கல்லீரல் கொழுப்பு 55 விழுக்காடு கூடியது; சர்க்கரை உண்டவர்களுக்கு 33; பூரிதமாகாத கொழுப்பு உண்டவர்களுக்கும் 15. குடும்ப அட்டைக்கு மாதம் 1 லிட்டர் பாமாயில் என்றால், நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 8 கிராம்; அதாவது 70 கலோரி சொச்சம். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாமா?

“செக்கெண்ணெய் எவ்வளவு ஊற்றினாலும் கல்லீரலுக்கு நல்லது” என்பாரின் கூற்றும் இந்தப் புள்ளிவிவரத்தின் முன் நிற்காது. கடலை எண்ணெயில் பூரிதக் கொழுப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே, முடிந்தவர்கள் பாமாயிலுக்குப் பதில் அதைப் பயன்படுத்துவது நன்றே. பதிலாக என்பதே முக்கியம், கூடுதலாக அன்று. முடியாதவர்கள் ரேஷன் எண்ணெயை அளவோடு பயன்படுத்தட்டும். பொரித்த பண்டத்தையும் தேநீரில் போடும் சர்க்கரையையும் குறைக்கட்டும்.

மாணவர்களே, “ஆய்வு சொல்கிறது” என்று யாரேனும் சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: தட்டிலா, மனிதரிலா? எவ்வளவு? எதற்குப் பதிலாக? விடை கிடைக்காதவரை ஏழையின் தாளிப்புக் கரண்டியைப் பறிக்க வேண்டாம்.