பனியும் வெற்றுடலும்: அலெக்சிஸ் கிவியின் ‘ஏழு சகோதரர்கள்’ புதினத்தில் கிறிஸ்துமஸ் இரவு

பின்லாந்தின் குளிர்கால ஆடையின்மையைப் பற்றிய பேச்சில், அதை ‘இயற்கைக்குத் திரும்புதல்’ என விளக்குவது இன்று வழக்கமாகிவிட்டது. பின்னிய மொழியின் முதல் பெரும்புதினமாகக் கொள்ளப்படும் ‘ஏழு சகோதரர்கள்’ (1870) இவ்விளக்கத்திற்கு இடம் தருவதுபோலத் தோன்றினும், நுணுகி வாசிப்போர்க்கு அது எதிர்ச்சான்றாகவே அமைகிறது.

தேவாலய எழுத்தரிடம் எழுத்துக் கற்க மறுத்துத் தப்பியோடும் சகோதரர்கள், ஊரைத் துறந்து இம்பிவாரா காட்டில் வீடு கட்டிக் குடியேறுகின்றனர். கிறிஸ்துமஸ் இரவில் தரையில் வைக்கோல் பரப்பி, அடுப்பின் கற்களைக் காய்ச்சி, நீராவியில் குளிக்கின்றனர். மதுவும் மல்யுத்தமும் தொடர்கின்றன. வைக்கோலில் தீப்பற்றி வீடே எரிந்துவிடுகிறது. கடுங்குளிரில், சட்டை ஒன்றே உடையாக, பழைய வீடான யூக்கோலாவை நோக்கிப் பனியில் ஓடுகின்றனர். ஓநாய்கள் பின்தொடர்கின்றன.

இங்கே கிவி செய்திருக்கும் பகுப்பு கவனத்திற்குரியது. உடல் முழுமையாகத் திறந்திருப்பது வெப்பமுள்ள இடத்தில்; பனிவெளியிலோ ஒரு சட்டையாவது உண்டு. எனினும் முதல் நிலை களிப்பு, இரண்டாவது நிலை அச்சம். ஆகவே களிப்பைத் தீர்மானிப்பது ஆடையின் அளவன்று, திரும்பிச் செல்ல ஓர் அடுப்பு எரிகிறதா என்பதே. பனியில் புரண்டு மகிழும் இக்கால மனிதருக்கும் இது பொருந்தும். ஒளிப்படங்களில் அவருக்குப் பின்னுள்ள சூடான அறை பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

செருமனியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவான ஆடையற்ற வாழ்வியக்கம் நகர்மயத்திற்கு எதிரான ஒரு கொள்கை. சௌனாக் குளியலோ கொள்கையன்று, வீட்டு வழக்கம். இரண்டையும் ஒன்றாக்குவது பிழை. சகோதரர்களும் காட்டை நாடியவர்கள்தாமே எனும் மறுப்பு எழலாம். அது வலுவான மறுப்பே. ஆனால் அவர்கள் துறந்தது பாடத்தை. கூரையையோ நெருப்பையோ அன்று. தீவிபத்திற்குப் பின் இம்பிவாராவில் அவர்கள் மீண்டும் வீடுதான் கட்டுகின்றனர்.

1870இலேயே இப்புதினத்தைக் கடுமையாகத் தாக்கிய ஆகஸ்ட் ஆல்க்விஸ்ட், பின்னிய மக்களைப் பற்றிய இழிவான, பொய்யான சித்திரமாகவே இதனைக் கண்டார். 1872ஆம் ஆண்டின் இறுதி நாளில் கிவி இறந்தார். நூல் தனித்தொகுதியாக வாசகரைச் சென்றடைந்தது அதன் பின்னரே. முரடர்களைச் சிரிப்போடு நேசித்த ஆசிரியரின் குரலை ஆல்க்விஸ்டின் செவி தவறவிட்டது என்றே கூறவேண்டும்.

தமிழில் இக்காட்சியைப் பெயர்ப்போர்க்கும் ஓர் இடர் உண்டு. ‘நிர்வாணம்’ துறவை நினைவூட்டும்; ‘அம்மணம்’ நாணத்தையும், சற்றுத் தொலைவில் அமணரையும் அழைத்துவரும். குளியலறைச் சகோதரர்களிடம் துறவுமில்லை, நாணமுமில்லை. ‘வெற்றுடல்’ ஓரளவு பொருந்துகிறது. பனியில் ஓடும் பகுதியில் அச்சொல்லையும் தவிர்த்து, ‘சட்டையோடு’ என்றே எழுதுவது மூலத்திற்கு நெருக்கமானது.