களிமண் அடுக்கும் காலக் கணக்கும்

பனியூழியின் இறுதிக் காலத்தை ஆண்டு ஆண்டாக எண்ணிக் காட்டியவர் சுவீடன் நாட்டு நிலநூலறிஞர் ஜெரார்டு டி கீர். உருகிப் பின்வாங்கிய பனிப்பாளத்தின் முன்னிருந்த நீர்நிலைகளில், கோடையில் வெளிறிய வண்டலும் குளிர்காலத்தில் கரிய நுண்களிமண்ணும் படிந்தன. இவ்விரண்டும் சேர்ந்து ஓராண்டைக் குறிக்கும். ஓரிடத்து அடுக்குகளை அண்டை இடத்து அடுக்குகளோடு பொருத்தி எண்ணி, 12,000 ஆண்டுக் கணக்கை அவர் 1912-இல் வெளியிட்டார். இவ்வுழைப்பு என்றும் போற்றற்குரியது.

ஆயின், 1920-இல் வட அமெரிக்கா சென்று அந்நாட்டு அடுக்குகளைச் சுவீடன் அடுக்குகளோடு நேரே பொருத்த முற்பட்டது ஏற்கத்தக்கதன்று. அடுக்கின் தடிப்பு அவ்விடத்தில் அவ்வாண்டு உருகிய பனியைப் பொறுத்தது. ஒரே பள்ளத்தாக்கில் சான்றாகும் ஒப்புமை, கடல் கடந்தவிடத்துத் தற்செயலாகவும் அமையலாம் அன்றோ?

உடன் சென்ற மாணவர் எர்ன்ஸ்ட் ஆண்டெவ்ஸ் அங்கேயே தங்கி, நியூ இங்கிலாந்து அடுக்குகளைத் தனியே எண்ணி 1922-இல் வெளியிட்டார். ஆசிரியரின் கடல்கடந்த பொருத்தத்தை அவர் ஏற்கவில்லை. பிற்கால அறிஞரும் அதனை ஏற்றிலர்.

ஆசிரியர் கற்பித்த முறையை மாணவர் கைவிட்டாரல்லர். அதன் எல்லையை அறிந்து பயன்படுத்தினார். அதனாலன்றோ அம்முறை இன்றும் நிலைத்துள்ளது! கற்பிப்போர் இதனை உளங்கொள்க.