வள்ளிக்கிழங்குக்கு ஒரு போர்வை

சர்க்கரைவள்ளி என்றாலே நிலத்தை நாலைந்து முறை உழுது, புழுதியாக்கிப் பார் பிடிப்பதுதான் வழக்கம். கிழங்கு பருக்க இளகிய மண் வேண்டும், உண்மைதான். ஆனால் கிழங்கு இறங்குவது பாரில் மட்டும்தானே? மீதி நிலத்தை ஏன் கிளற வேண்டும்?

தேவையான இடத்தை மட்டும் கிளறும் குறை உழவின் அழகே இந்தக் கேள்விதான். முதலில் சணப்பை விதைத்து, பூ எடுக்கும் பருவத்தில் அறுத்து அங்கேயே படுக்கப் போடுகிறார்கள். பிறகு நடவு வரிசையை மட்டும் இளக்கி, 20 முதல் 25 செ.மீ. நீளமுள்ள கொடித்துண்டுகளைக் கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுகிறார்கள். நடுப்பகலில் அந்தத் தழையை விலக்கிப் பாருங்கள்: அடிமண் ஈரமாக இருக்கும், மண்புழு எச்சம் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். கொடி படர்ந்து நிலத்தைத் தானே மூடும்வரை களையை அடக்குவதும் இந்தத் தழைதான்.

எனக்கு மிகவும் பிடித்தது, கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு விஷயம். அந்த வண்டுக்கு மண்ணைத் தோண்டி இறங்கத் தெரியாது. வெடிப்பு வழியாகத்தான் கிழங்கை எட்டும். இப்படித் தழை மூடாக்கு போட்ட மண் அதிகம் வெடிக்காது. வண்டு துளைத்த கிழங்கின் கசப்பைக் கடித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சணப்பை தழைச்சத்தைச் சேர்க்கும் பயிர். ஏற்கெனவே வளமான நிலத்தில் தழைச்சத்து மிஞ்சினால் கொடி கொழுக்கும், கிழங்கு சிறுக்கும். அங்கே கம்பு அல்லது சோளத்தை மூடுபயிராக்குவதே நல்லது.

வரும் பட்டத்தில் பத்து சென்ட் ஒதுக்குங்கள். பாதியை வழக்கம்போல் உழுங்கள், பாதியில் இப்படி மூடாக்கு போட்டு நடுங்கள். அறுவடையில் இரண்டையும் தனித்தனியே எடை போட்டுப் பாருங்கள்.