பூட்டு–சாவி உவமை எங்கே உதவாது?



அறிவியல் கட்டுரைகளில் அடிக்கடி தலைகாட்டும் உவமை ஒன்று உண்டு. 'வேதிப்பொருள் சாவி, புரதம் பூட்டு' என்பதே அது. நொதியை விளக்க இது நல்ல உவமைதான். அதுக்காக எல்லா இடத்துக்கும் இதையே தூக்கிக்கிட்டுப் போகலாமா? பீசோ1 என்ற அயனித் தடத்தை வைத்துப் பாருங்கள்.

அயனித் தடம் என்பது உயிரணுச் சவ்வில் பதிந்திருக்கும் புரதம்; அதன் நடுவே நுண்ணிய துளை. பீசோ1, பீசோ2 இரண்டையும் 2010இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஆர்டெம் பட்டாபூட்டியன் குழுவினர் கண்டறிந்தனர். 2021இல் அவரும் டேவிட் ஜூலியஸும் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பீசோ1 மூன்று இதழ் கொண்ட விசிறி போன்றது. சவ்வு இழுபட்டால் துளை திறக்கும். கால்சியம் போன்ற அயனிகள் உள்ளே பாயும்.

ஆய்வகத்தில் ஒவ்வொரு உயிரணுவையும் குத்திக்கிட்டே இருக்க முடியுமா? அதனால், பீசோ1ஐத் தூண்டும் வேதிப்பொருளைத் தேடினார்கள். முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட சேர்மங்களைச் சோதித்து, 2015இல் ஒன்றை அறிவித்தார்கள். அதன் பெயர் யோடா1.

'யோடா1 என்ற சாவி பீசோ1 என்ற பூட்டைத் திறக்கிறது' என்று எழுதினால் என்ன குறை? ஒரு பாதி சரி. யோடா1 பீசோ1இல் வேலை செய்கிறது, பீசோ2இல் செய்வதில்லை. குறிப்பிட்ட பூட்டுக்குக் குறிப்பிட்ட சாவி என்ற கருத்து பொருந்துகிறது. மறுபாதிதான் இடறுகிறது. சாவி போட்டால் கதவைத் தள்ளும் விசை குறைந்துவிடுமா? யோடா1இன் முக்கிய வேலையே அதுதான்: தடம் திறக்கத் தேவையான விசையைக் குறைப்பது. சவ்வில் முன்பே உள்ள சிறு இழுவிசைகூட அப்போது போதுமானதாகிவிடும்.

ஆகவே 'ஆப்பு' என்ற உவமையே பொருத்தம். கணினி மாதிரி ஆய்வுகளும், யோடா1 ஆப்பு போலச் செயல்படுவதாகவே கருதுகின்றன. ஆப்பசைத்த குரங்கின் கதை தெரிந்த பிள்ளைக்கு இது சட்டென்று புரியும்.

உவமைதானே, இதுல என்ன வந்துடப்போகுது என்கிறீர்களா? முடிவே மாறிப்போகும். 'யோடா1 இட்டோம், கால்சியம் ஏறியது. எனவே இந்த உயிரணு அழுத்தத்தை உணர்கிறது' என்று மாணவர் எழுதிவிடுவார். அந்தச் சோதனை காட்டுவது, அங்கே திறக்கக்கூடிய பீசோ1 இருக்கிறது என்பதை மட்டுமே. உண்மையான அழுத்தத்துக்கு அந்த உயிரணு என்ன செய்யும் என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். மிளகாயைக் கடித்தால் நாக்கு 'சுடுது' என்கிறோம். நாக்கு வெந்தா போகிறது? வெப்பத்தை உணரும் தடத்தை மிளகாயின் காரப்பொருள் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

மாணவர்களே, உவமை எழுதியதும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எது பொருந்துகிறது? எது பொருந்தவில்லை? இரண்டாவது கேள்விக்கான விடையையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். ஆசிரியர்களே, அந்த ஒரு வரிக்கும் புள்ளி கொடுங்கள்.